எழுத்துக்கல்

டெல்லியோடு மல்லுக்கு நிற்பதற்கு நாலைந்து மாதம் முன்னாலேயே தருமன் தன் மண்டபத்தைத் தானே கெடுத்து முடித்திருந்தார். கெடுத்ததாக அப்போது அவருக்குத் தோன்றவில்லை. புதுசாக்கிவிட்டோம் என்றுதான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்.

அடி அண்ணாமலையில் மலை சுற்றும் பாதை திரும்புகிற இடத்தில் இருக்கிறது அந்த மண்டபம். திருவண்ணாமலைப் பெரிய கோயில் சுவாமி வருஷத்தில் இரண்டு தடவை மலை சுற்ற வருவார். கார்த்திகைத் தீபம் முடிந்து ஒரு தடவை, தை மாதம் அம்மனோடு ஊடல் நடந்த மறுநாள் ஒரு தடவை. வரும்போது இந்த மண்டபத்தில் இறங்கி இளைப்பாறுவார். அந்த நேரத்துப் படையலும் மாலையும் முதல் தீபாராதனையும் தருமன் குடும்பத்துக்கு உரியவை. மண்டகப்படி என்பார்கள். மற்ற நாட்களில் தருமன் மல்லாட்டை என்கிற நிலக்கடலை போட்டு மழையைத் திட்டிக்கொண்டிருக்கும் சாதாரண விவசாயி. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மண்டபத்து ஓரத்தில் கடை விரித்துத் தண்ணீர் பாக்கெட்டும் கலர் சோடாவும் விற்பார். ஆனால் அந்த இரண்டு நாளில் மட்டும் அவர் நடையே வேறு. பட்டுக் கரை வேட்டியும் மார்பு நிறையச் சந்தனமுமாக அவர் நிற்பதைப் பார்த்தால் சுவாமியே இவரைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தாரோ என்று தோன்றும்.

மண்டபத்தின் உள்சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு கல். அதில் வரிவரியாகப் பழைய எழுத்து. ஊரில் அதற்கு எழுத்துக்கல் என்று பெயர். அதைப் படிக்க ஒருவருக்கும் தெரியாது. படிக்கத் தெரியாததனாலேயே அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. புதையலுக்கு வழி என்றார்கள் சிலர். ராஜா எங்கள் பாட்டனுக்கு எழுதிக்கொடுத்த பட்டா என்பது தருமன் வீட்டுக் கட்சி. ஆடிப் பட்டத்துக்கு விதை மல்லாட்டையை அந்தக் கல்லின் முன்னால் ஒரு கைப்பிடி வைத்து எடுத்த பிறகுதான் நிலத்துக்குக் கொண்டுபோவார்கள். தருமனின் மனைவி வேதா வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்குக் குங்குமம் வைப்பாள்.

இரண்டாயிரத்து இரண்டில் பெரிய கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வந்தது. ஊரே சுண்ணாம்பும் பெயின்டுமாகக் கிடந்தபோது தருமனுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. நம்ம மண்டபம் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கும் கரியுமாக நிற்பதா? டவுனிலிருந்து கம்ப்ரஸர் மெஷின் வைத்திருந்தவனைக் கூட்டி வந்தார். மணலைக் காற்றோடு சேர்த்துக் கல்லின்மேல் பீய்ச்சி அடிக்கிற மெஷின். தூண் தூணாக அடித்தான். தலைமுறை தலைமுறையாக ஏறிய கரி பறந்தது. உள்ளேயிருந்து வெளுத்த கல் எட்டிப் பார்த்தபோது ஜனம் வாயைப் பிளந்தது. "நேத்து கட்டினாப்பல கீதுண்ணா" என்றார்கள். தருமன் தூணில் சாய்ந்து நின்று போட்டோகூட எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு உள்சுவரைத் தடவிப் பார்த்தார். கை வழுக்கிக்கொண்டு போயிற்று. குனிந்து பார்த்தார். பக்கவாட்டில் நின்று வெயில் விழும்படி பார்த்தார். ஓரத்தில் ஒரு சுழி, நடுவில் ஒரு கோடு. மிச்சமெல்லாம் அம்மிக்குழவி போல மொழுமொழு என்று இருந்தது.

ஆனாலும் மனுஷனுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ளத் தெரியாதா என்ன. எழுத்து போனால் என்ன, சுவாமி இருக்கிறார், மண்டபம் இருக்கிறது. மறுநாள் ஆளை வைத்து அந்தச் சுவர் பூராவும் காவியும் வெள்ளையுமாகப் பட்டை அடித்துவிட்டார். கோயில் சுவருக்குப் பட்டை அழகுதானே. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வேதா அந்த வாரத்திலிருந்து குங்குமத்தை நிலைப்படியில் வைக்க ஆரம்பித்தாள். அதை அவர் பார்த்தார், பார்க்காத மாதிரி இருந்துகொண்டார்.

புரட்டாசி வாக்கில் குண்டு விழுந்தது. பெரிய கோயிலைத் தேசிய நினைவுச் சின்னமாக எடுத்துக்கொள்ளப் போவதாகவும், சுற்றியுள்ள மண்டபங்களையும் சேர்த்துப் பார்க்கப் போவதாகவும் டெல்லித் தொல்லியல் துறையிலிருந்து அறிவிப்பு வந்தது என்று பேச்சு. திருவண்ணாமலை கொதித்துப் போயிற்று. சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள், விளக்கு ஏற்றவிட மாட்டார்கள், சுவாமி கும்பிட டிக்கெட் வாங்க வேண்டும், மண்டகப்படி கிண்டகப்படி எல்லாம் மூட்டை கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கடைகளை அடைத்தார்கள், பஸ்ஸை நிறுத்தினார்கள், தேரடியில் கூட்டம் போட்டார்கள். அங்கேதான் நம்முடைய தருமன் கைக்கு மைக் வந்தது.

"எங்க கல்ல காப்பாத்த எங்களுக்குத் தெரியாதா? டெல்லியில குந்திக்கினு இருக்கறவன் வந்துதான் காப்பாத்தணுமா? எங்க பாட்டன், முப்பாட்டன் காலத்து எழுத்து எங்க மண்டபத்துல அப்பிடியே கீது. வந்து பாருங்கடா!"

கைத்தட்டல் கோபுரம்வரை போயிற்று. அந்தக் கடைசி வரியை அவர் யோசித்துச் சொல்லவில்லை. மைக்குக்கு முன்னால் நின்றவர் வாயில் தானாக வந்தது. வந்த பிறகு அதை விழுங்க முடியாது.

விஷயம் தெருவோடு நிற்கவில்லை. மாநில அரசே உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. டெல்லித் துறையின் தலைமை அதிகாரியை எதிர்மனுதாரராக நிறுத்தி, இது ஜனங்கள் புழங்குகிற கோயில், காட்சிப் பொருள் அல்ல என்று வழக்கு. அதற்கு ஆதாரமாக உள்ளூர்க்காரர்களின் பிரமாண வாக்குமூலம் வேண்டியிருந்தது. சேகரித்துக் கொடுக்கிற வேலை டவுன் வக்கீல் அப்பாதுரைக்கு. அவர் முதலில் ஆளனுப்பியது தருமனுக்குத்தான்.

வக்கீல் ஆபீசில் கூட்டம் நெரிந்தது. தருமனைப் பார்த்ததும் இடம் விட்டு உட்காரவைத்தார்கள்.

"கோர்ட்ல அவங்க கேக்கப்போறது ஒண்ணே ஒண்ணுதாங்க" என்றார் அப்பாதுரை. "இந்த ஜனங்களுக்குப் பழைய கல்லைப் பாதுகாக்கத் துப்பு இருக்கான்னு கேப்பாங்க. நாம காட்ட வேண்டியதும் அதைத்தான். உங்க மண்டபத்துக் கல்வெட்டு ஒண்ணு போதும். அந்தக் காலத்துலயே அவங்க துறை ஆளுங்க வந்து படி எடுத்துட்டுப் போயிருக்காங்க. அவங்க புஸ்தகத்துலயே இருக்கு. அது இன்னைக்கும் சிதையாம இருக்குன்னு நீங்க பிரமாணம் பண்ணிட்டா, அவங்களால வாயத் திறக்க முடியாது."

தருமனுக்கு இதுதான் சமயம். "சார், ஒரு தப்பு நடந்துபோச்சு" என்று சொன்னால் முடிந்தது. வாயைக்கூடத் திறந்துவிட்டார்.

"அண்ணன் தேரடில பேசினாரே, அதக் கேட்டே டெல்லிக்காரன் பாதி ஓடியிருப்பான்" என்றான் பக்கத்தில் நின்ற ஒருவன். ஆபீசே சிரித்தது. தருமனும் சிரித்தார். திறந்த வாய் அந்தச் சிரிப்போடு மூடிக்கொண்டது.

"ஒரு போட்டோ எடுத்துட்டா தேவலை" என்றார் வக்கீல்.

"சுவத்துக்குப் பட்டை அடிச்சிருக்கு சார். தீபம் வேற வருது. இப்ப சுரண்டினா அசிங்கமாப் பூடும்."

"சரி, அப்புறமாப் பாத்துக்கலாம்."

டைப் அடித்த தாளை வக்கீல் படித்துக் காட்டினார். 'மேற்படி கல்வெட்டு என் குடும்பத்தாரால் தொன்றுதொட்டுப் பாதுகாக்கப்பட்டு, இன்றளவும் ஓர் எழுத்துகூடச் சிதையாமல் உள்ளது என்று மனமார உறுதி கூறுகிறேன்.' தருமன் கையெழுத்துப் போட்டார். நாட்டிலேயே பெரிய கோர்ட்டுக்குப் போகிற தாள். அதில் அவர் பேர் அழகாகத்தான் விழுந்தது.

வீட்டுக்கு வந்தபோது வேதா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னா எழுதிக் குடுத்துட்டு வந்தீங்க?"

"கேஸ் விஷயம்."

"கல்லு இருக்குதுன்னா?"

அவர் துண்டை உதறினார்.

"மணலப் பெருக்கினவ நானு" என்றாள் வேதா. "கூடை கூடையா அள்ளிக்கினு போயி எருக்குழில கொட்டினேன். அதுல எழுத்து எது, மணல் எதுன்னு எனக்குத் தெரியல. அவ்ளோதான் சொல்வேன்."

அவள் திட்டியிருந்தால்கூட அவர் திருப்பித் திட்டியிருப்பார். அது வசதியாக இருந்திருக்கும்.

தீபம் முடிந்து தை பிறந்த பிறகு, ஒரு நாள் காலையில் ஜீப் வந்தது. டெல்லித் துறையின் சென்னை ஆபீசிலிருந்து ஒரு பெண் அதிகாரி. கஸ்தூரி என்று பேர். கோர்ட்டில் சொல்லியிருக்கிற இடங்களை நேரில் பார்த்து அறிக்கை கொடுக்க வந்திருப்பதாக முந்தின நாளே டவுனில் பேச்சு அடிபட்டிருந்தது. அன்று பெரிய கோயிலைப் பார்த்துவிட்டார், நாளைக்கு அடி அண்ணாமலை என்று தெரிந்ததும் தருமனுக்குத் தூக்கம் போயிற்று. அந்த அம்மா உள்ளே வந்து ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தால் போதும். பட்டைக்கு அடியில் இருப்பது வெளியே வந்துவிடும்.

ஆகவே விடிந்ததும் வீடு வீடாகப் போனார். "மண்டபத்துக்குப் பூட்டுப் போட வர்றாங்க. உள்ள விட்டா அவ்ளோதான். அப்புறம் சாமி நம்ம ஊர்ல இறங்காது" என்றார். இதைவிட வேறென்ன வேண்டும். பெண்கள் துடைப்பத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவருடைய பெரியம்மா மகள் உண்ணாமலை, தருமன் வீட்டு மாட்டுக்கொட்டகையிலிருந்தே சாணியை அள்ளி ஒரு பக்கெட்டில் கரைத்து வைத்துக்கொண்டாள்.

கஸ்தூரி ஜீப்பிலிருந்து இறங்கி, செருப்பை வண்டியிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தார். நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும். கையில் ஒரு துணிப்பை. "யாரும் பயப்படாதீங்கம்மா, பாக்கத்தான் வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே முதல் படியில் கால் வைத்தார். உண்ணாமலை திரும்பித் தருமனைப் பார்த்தாள். ஊற்றலாமா என்ற கேள்வி அவள் முகத்தில் இருந்தது. தருமன் கண்ணைக் காட்டினார்.

சாணித் தண்ணீர் அந்த அம்மாவின் தலையிலிருந்து வழிந்தது. கண்ணாடியில், புடவையில், பையில். கூட்டம் ஓவென்று கத்தியது. பிறகு, கத்துவதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. ஏனென்றால் அந்த அம்மா திருப்பிக் கத்தவில்லை, ஓடவில்லை, போலீசைக் கூப்பிடவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்.

வேதாதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு குடம் தண்ணீரோடு வந்தாள். குனியச் சொல்லித் தலையில் ஊற்றினாள். தன் முந்தானையாலேயே அவர் முகத்தைத் துடைத்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

"நான் உள்ள வரலீங்க" என்றார் கஸ்தூரி. "வக்கீல் தாள்ல தருமன்னு ஒருத்தர் பேர் இருந்துச்சு. அவர் இங்க இருக்காரா?"

தருமன் முன்னால் வந்தார். வராமல் இருக்க முடியாது, ஊரே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்கய்யா. அந்தக் கல்வெட்டு இருக்குங்களா?"

"இருக்குது."

"நல்லா இருக்கா? நீங்க பாத்தீங்களா?"

"தினம் பாக்கறேன்."

அந்த அம்மாவின் முகம் மலர்ந்ததைத் தருமன் கடைசிவரை மறக்கவில்லை. சாணி நாற்றத்தோடு, சொட்டச் சொட்ட நின்றுகொண்டு, ஒரு மனுஷி அவ்வளவு சந்தோஷப்பட முடியும் என்று அவர் நினைத்ததில்லை.

"அது போதும். நான் அப்படியே எழுதிடறேன். எத்தனையோ ஊருக்குப் போறேன், பாதி இடத்துல மணல் அடிச்சே தீத்துட்டாங்க. இது தப்பிச்சுதே!" பையைத் திறந்து, கல்வெட்டின் பழைய படியைப் பார்த்து எழுதிய ஒரு தாளை எடுத்தார். ஓரம் நனைந்திருந்தது. "இதுல என்ன இருக்குன்னு உங்களுக்கு யாராவது படிச்சுச் சொல்லியிருக்காங்களா?"

"ராஜா குடுத்த பட்டா" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

"இல்லீங்க. இதுல ராஜாவே இல்ல. இந்த ஊர்க் குடியானவர் ஒருத்தர், கூத்தன்னு பேரு, அவரே வெட்டி வச்சது." அவர் நின்ற இடத்திலிருந்தே படித்தார். "'இவ்வூர்க் குடியான் கூத்தனேன், மலை வலம் வருவார்க்கு நிழலும் தண்ணீரும் ஆக என் நிலம் விட்டேன். விலை கொள்ளாதே வார்ப்பது. சந்திரனும் சூரியனும் உள்ளளவும் இது செல்வதாக. இத்தன்மம் காத்தான் அடி என் தலை மேலது.'" நிமிர்ந்து பார்த்தார். "மலை சுத்தி வர்றவங்களுக்குக் காசு வாங்காம தண்ணி குடுக்கணும்னு நிலத்தை எழுதி வச்சிருக்காரு. பின்னாடி யார் இதைக் காப்பாத்துறாங்களோ, அவங்க காலை என் தலைமேல வச்சுக்கறேன்னு சொல்றாரு. உங்க காலைத்தாங்கய்யா சொல்றாரு."

தருமன் தன் காலைப் பார்த்துக்கொண்டார். பக்கத்தில் மண்டபத்து ஓரத்தில், வரப்போகிற பௌர்ணமிக்கு அவர் வாங்கி அடுக்கியிருந்த தண்ணீர் பாக்கெட் மூட்டைகள் வெயிலில் பளபளத்தன. பூமி பிளந்து உள்ளே வாங்கிக்கொண்டால் தேவலை என்று சொல்வார்களே, அது சும்மா பேச்சுக்குச் சொல்வதில்லை என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எதிரி என்று நினைத்து ஆள் சேர்த்து வைத்திருந்தார். வந்தவரோ அவர் வார்த்தையை நம்பி, கும்பிட்டுவிட்டு, நனைந்த புடவையோடு ஜீப்பில் ஏறுகிறார்.

போகும்போது கஸ்தூரி அந்தத் தாளை வேதாவிடம் கொடுத்தார். வேதா அதைக் காயவைத்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினாள்.

அதன் பிறகு தருமனிடம் பழைய தருமனைப் பார்க்க முடியவில்லை. மைக் கொடுத்தால் தொண்டை கட்டிக்கொண்டது என்றார். பாக்கெட் வியாபாரத்தை நிறுத்திவிட்டு, பௌர்ணமிதோறும் மண்டபத்து வாசலில் பெரிய அண்டாவில் தண்ணீர் வைத்தார், காசில்லாமல். அதற்கும் ஊர் பாராட்டியது. "அண்ணனுக்கு மனசு ஜாஸ்தி" என்றார்கள். ஒவ்வொரு பாராட்டும் அவர் மேலேயே அந்தப் பக்கெட்டைக் கவிழ்ப்பது மாதிரி இருந்தது. வக்கீலிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று பலமுறை கிளம்பினார். செங்கம் ரோடுவரை போவார், ஆசிரமத்துப் பக்கம் ஒரு டீ குடிப்பார், திரும்பி வந்துவிடுவார். இப்போது சொன்னால் கேஸ் என்ன ஆகும் என்று தனக்குத் தானே காரணம் சொல்லிக்கொள்வார். உண்மையில் பயம் கேஸுக்காக இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். தேரடியில் கைதட்டிய ஜனம் தன்னை எப்படிப் பார்க்கும் என்கிற பயம் அது.

இரண்டாயிரத்து நாலில் டெல்லியில் ஆட்சி மாறியது. அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். வழக்கு தீர்ப்பு என்று ஒன்று இல்லாமலே முடிந்துபோயிற்று. திருவண்ணாமலையில் வெடி வெடித்தார்கள், லட்டு கொடுத்தார்கள். அப்பாதுரை லட்டோடு தருமன் வீட்டுக்கே வந்தார்.

"உங்களுக்கு ஒரு வேடிக்கை தெரியுமா? அந்தக் கஸ்தூரி அம்மா நமக்குச் சாதகமா எழுதியிருந்தாங்க. 'அடி அண்ணாமலைக் கல்வெட்டு ஊராரால் நன்கு பாதுகாக்கப்படுகிறது'ன்னு. எதிர்த்தரப்பு அறிக்கையிலயே! இப்ப அவங்க ஒரிசா பக்கம் எங்கயோ மாறிப் போயிட்டாங்களாம்."

"இதனாலயா சார்?"

"யாருக்குத் தெரியும். கவர்மென்ட் உத்தியோகம், மாத்துவாங்க." வக்கீல் லட்டை நீட்டினார். தருமன் வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார்.

அந்த வருஷத் தீபம் முடிந்து சுவாமி மலை சுற்றி வரும்போது, தருமனுக்குப் பரிவட்டம் கட்டுவது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்தார்கள். வழக்கமாக மாலையும் பிரசாதமும்தான். இந்தத் தடவை சுவாமியின் துணியைத் தலையில் கட்டி மரியாதை, மண்டபத்தைக் காப்பாற்றியவர் என்பதற்காக. தருமன் வேண்டாம் என்றார். அடக்கம் என்று அதற்கும் மெச்சினார்கள்.

அன்று காலையில் வாழைமரம் கட்ட வந்தவர்கள் பார்த்தபோது, தருமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். காவியும் சுண்ணாம்பும் கரைந்து தரையெல்லாம் சிவப்பாக ஓடியது. வேதா தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாண்ணா இது, இப்பப் போயி?" என்றாள் உண்ணாமலை.

தருமன் விலகி நின்றார். வெயில் நேராக உள்ளே விழுந்தது. மொழுமொழு என்ற கல்.

"எழுத்து எங்கண்ணா?"

"இல்ல. நான்தான் மணல் அடிச்சு அழிச்சேன். கும்பாபிஷேகத்துக்கு முன்னாடியே. கோர்ட்டுக்கு எழுதிக் குடுத்தது பொய்யி. அந்தம்மாகிட்ட சொன்னதும் பொய்யி. அந்தம்மா உள்ள வந்தா தெரிஞ்சிடும்னுதான் உங்கள எல்லாம் உக்கார வச்சேன்."

இதைச் சொல்ல அவருக்கு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு, இனி ஊர் காறித் துப்பும் என்று காத்து நின்றார். அதற்குத் தயாராகத்தான் இருந்தார். உண்மையைச் சொன்னால், அதை வேண்டிக்கொண்டுகூட இருந்தார்.

உண்ணாமலை கல்லைப் பார்த்தாள். பிறகு வாழைமரத்தைப் பார்த்தாள்.

"அட, விடுண்ணா. இருந்தா மட்டும் படிச்சிக் கிழிச்சிடப் போறமா? கேஸுதான் ஜெயிச்சாச்சே."

"அதானே" என்றார்கள் இரண்டு பேர். "நல்ல நாளும் அதுவுமா இத்தப் போயி…"

வெள்ளை வேட்டியில் வந்து சேர்ந்த அப்பாதுரை விஷயத்தைக் கேட்டதும் தருமனைத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். "சத்தம் போடாதீங்க. உச்ச நீதிமன்றத்துல பிரமாணம் பண்ணிக் குடுத்தது. நீங்களே இப்படிப் பேசலாமா? வழக்கே இல்ல இப்ப. யாரு உங்களக் கேக்கப்போறா?"

"யாருமே கேக்க மாட்டாங்களா சார்?"

"கேக்க மாட்டாங்க. நிம்மதியா இருங்க."

தருமன் திரும்பி வந்தபோது இரண்டு பையன்கள் சுண்ணாம்பு வாளியும் காவி வாளியுமாகப் பட்டை அடிக்க ஆரம்பித்திருந்தார்கள். "சாமி வர்றதுக்குள்ள காஞ்சிடும்ணா" என்றான் ஒருவன். எழுத்துக்கல் மறுபடி மறைந்தது. இந்தத் தடவை அதை மறைத்தது ஊர்.

மேளச் சத்தம் நெருங்கிவிட்டது. பல்லக்கு வந்து இறங்கியது. தருமன் ஈர வேட்டியோடு, நகக்கண்ணெல்லாம் காவியோடு போய் நின்றார். ஜனம் நெரிந்தது. குருக்கள் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டார்.

"பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ."

வருஷா வருஷம் தருமன்தான் சொல்லுவார், கணீரென்று. இன்றைக்கு அவர் திரும்பி வேதாவைப் பார்த்தார்.

"கஸ்தூரி" என்றாள் வேதா.

"யாரு, பொண்ணா, மருமகளா?" என்று கேட்டார் குருக்கள்.

வேதா புருஷனைப் பார்த்தாள். கூட்டமும் அவரைப் பார்த்தது. நாகஸ்வரக்காரர் மூச்சு வாங்க நிறுத்தியிருந்த நேரம் அது.

"நாங்க சாணித் தண்ணி ஊத்தின அம்மா, சாமி" என்றார் தருமன். உரக்கத்தான் சொன்னார், பாதைவரை கேட்டிருக்கும். "கும்பிட வர்ற மாதிரி செருப்பக் கழட்டிப்புட்டு வந்தாங்க. அவங்க தலையில ஊத்தினோம். எங்க பாட்டன் எழுத்து இன்னிக்கு அவங்க குடுத்த தாள்லதான் கீது. எங்க கல்லுல இல்ல."

அழிந்த கல்லுக்குக் குனியாத தலைகள் இதற்குக் குனிந்தன. உண்ணாமலை கற்பூரம் ஏற்றவிருந்த கையை இழுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். பக்கெட்டைத் தூக்கிய கை அதுதான்.

"நட்சத்திரம்?" என்றார் குருக்கள், மெதுவாக.

"தெரியாதுங்க. கேக்கல."

"பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு அவர் அந்தப் பெயருக்கே அர்ச்சனை செய்தார். தீபாராதனை ஆயிற்று. பிறகு, ஊர் முடிவு செய்தபடி, சுவாமியின் துணியை எடுத்துக்கொண்டு வந்தார். வேண்டாம் என்று சொல்ல முடியாது. சுவாமி மேலிருந்து எடுத்த துணியை மறுப்பது எப்படி. தருமன் தலையைக் குனிந்தார். குருக்கள் சுற்றிச் சுற்றி இறுக்கிக் கட்டினார்.

"கட்டியாச்சு, நிமிருங்கோ. சுவாமி கிளம்பணும்."

தருமன் நிமிரவில்லை. குனிந்தபடியே இரண்டு எட்டுப் பின்னால் நகர்ந்து, பல்லக்குக்கு வழிவிட்டார்.